கொலின் தக்ரேயின் வலது முழங்கால்

பேசாலைக் கொன்ஸ்ரன்ரைன் உதைபந்தாட்டத்தில் நடுக்களத்துக்காரன். இதைச் சொல்லாமல் அவனைப் பற்றி எதைச் சொன்னாலும் அரைகுறைதான். இத்தாலியின் பலேர்மோ நகரில் ஐந்து வருடமாக வீடு துடைத்து, சட்டை மடித்து, கிழவர்களைக் குளிப்பாட்டி, அடுத்தவர் நாய்களை வீதிக்குக் கூட்டிப்போய்ப் பிழைத்தவன் என்று எழுதலாம். அப்படி எழுதக்கூடிய தமிழர் இந்த ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவன் தன்னை ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை. கோப்பை கழுவும்போதும் இடது கால் முன்னால், வலது கால் சற்றுப் பின்னால், எந்தப் பக்கத்திலிருந்து பந்து வந்தாலும் திரும்பத் தயாராகத்தான் நிற்பான்.

பேசாலை இருக்கும் மன்னார்த் தீவின் கடலோர ஊர்களில் கோயிலுக்கு ஒரு கழகம், கழகத்துக்கு ஒரு பகை. கோல் அடித்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். கோலைத் தடுத்தவனுக்குச் சோடா உடைத்துக் கொடுப்பார்கள். இருவருக்கும் நடுவில் தொண்ணூறு நிமிடம் நுரை தள்ள ஓடி, பந்தை வாங்கி, வாங்கிய சூட்டோடு அடுத்தவனுக்குத் தட்டிக் கொடுத்தவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கொன்ஸ்ரன்ரைன் பதினொரு வருடம் அப்படி ஓடினான். அதில் அவனுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. பந்து தன் காலில் தங்கக்கூடாது, அது அடுத்தவனுக்குச் சேரவேண்டியது என்பதே அவனுக்குத் தெரிந்த வேதம். நல்ல மனிதர்களிடம் இப்படி ஒரு வேதம் இருப்பது பெரிய கரைச்சல். மற்றவர்களும் அதைத்தான் படித்திருக்கிறார்கள் என்று நம்பிவிடுவார்கள்.

1990இல் சண்டை தீவுக்குள் வந்தபோது, மனைவி எமிலியானாவையும் பதினொரு மாதக் குழந்தை அமலினியையும் வள்ளத்தில் ஏற்றி இராமேசுவரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். மண்டபம் அகதி முகாமில் ஓர் அறை கிடைத்தது. அடுத்த மாதமே அவன் மட்டும் புறப்பட்டு, எங்கெங்கோ சுற்றி, அடுத்த வருடம் பலேர்மோவில் வந்து விழுந்தான். விழுந்த இடத்திலேயே கிடந்தான் என்பதுதான் உண்மை. ஏனென்றால் அவனிடம் பெர்மெஸ்ஸோ இல்லை. இத்தாலியில் தங்குவதற்கு அரசாங்கம் கொடுக்கும் அந்த அனுமதிக் கடதாசி இருந்தால் மனைவியையும் பிள்ளையையும் சட்டப்படி கூப்பிடலாம். இல்லாதவன் நாட்டை விட்டு வெளியே ஓர் அடி வைத்தால் திரும்பி வரமுடியாது. ஆக, அமலினி தவழ்ந்ததைப் பார்த்தவன், அவள் நடந்ததைப் பார்க்கவில்லை, கதைத்ததைப் பார்க்கவில்லை, பள்ளிக்கூடம் போனதைப் பார்க்கவில்லை. முகாம் வாசலில் இருந்த தொலைபேசிக் கடைக்கு ஞாயிறு தோறும் அழைப்பான். அவளுக்கு ஆறரை வயதாகிவிட்டது. ‘அப்பா’ என்பது அவளுக்கு ஒரு குரல் மட்டும்தான்.

கொலின் தக்ரே வந்தது 1995ஆம் ஆண்டு ஆவணி, அதாவது ஓகஸ்ட் மாதம். இங்கிலாந்துக்காரன், முப்பத்தொரு வயது, நடுக்கள வீரன். நகரத்தின் இரண்டாம் தர அணியொன்று அவனை ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது. எந்த அணி என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். லிபெர்தா வீதியில் நான்காம் மாடியில் ஒரு வீட்டைக் கொடுத்து, சமைத்துத் துவைத்துப் போட ஓர் ஆளையும் தேடினார்கள். கொலினுக்கு இத்தாலியம் ஒரு சொல் வராது. மன்னார்க் கல்லூரியில் கத்தோலிக்கத் துறவிகளான பிறதர்மார் பிரம்பால் அடித்துப் புகட்டிய ஆங்கிலம் கொன்ஸ்ரன்ரைனிடம் இருந்தது. அந்த அடியெல்லாம் எதற்கென்று இருபது வருடம் கழித்து அவனுக்கு விளங்கியது.

முதல் மாதம் கொலின் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காலுறைகளை வீடு முழுக்க எறிந்தான், கொன்ஸ்ரன்ரைன் பொறுக்கினான். புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை, கோழி இறைச்சியை மேசையில் வைத்துவிட்டு, கேட்பாரில்லாமலேயே கொன்ஸ்ரன்ரைன் வாயைத் திறந்தான்.

“நேற்று ஆட்டம் பார்த்தேன், சேர். பந்து உங்களிடம் வருமுன்பே நீங்கள் ஒருதரம் தோளுக்கு மேலால் பின்னுக்குப் பார்க்கிறீர்கள். இங்கே வேறு ஒருவரும் பார்ப்பதில்லை.”

கொலின் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தான். “நீ விளையாடியிருக்கிறாயா?”

“பதினொரு வருடம். நடுவில்.”

அன்றைக்கு அந்தக் கோழி ஆறிப்போனது. உப்புப் போத்தல், மிளகுப் போத்தல், தக்காளி, எலுமிச்சை எல்லாம் ஆட்டக்காரர்களாகி மேசை முழுக்க ஓடின. அதற்குப் பிறகு அவன் ‘சேர்’ இல்லை, கொலின். இவன் கொன்ஸ்ரன்ரைன் இல்லை, ‘கொன்’. அந்தச் சுருக்கப் பெயர் அவனுக்கு உள்ளுக்குள் பிடித்திருந்தது.

பாத்திரம் கழுவுகிற நேரங்களில் கொலின் தன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னான். வடக்கு இங்கிலாந்தில் நூலாலைகள் மூடிப்போன ஒரு சிறிய நகரம். பதினாறு வயதில் அந்த ஊர்க் கழகத்தில் சேர்ந்து, முதல் இரண்டு வருடம் பெரிய வீரர்களின் சப்பாத்தைத் துடைத்தான். பத்தொன்பதில் முதல் ஆட்டம். பிறகு மூன்று கழகங்கள், பன்னிரண்டு வருடம், மழையிலும் சேற்றிலும். முதல் தர லீக்கில் ஒரேயொரு வருடம், அந்த வருடம் மட்டும் பத்திரிகைகளில் அவன் பெயரைச் சரியாக எழுதினார்கள். அடுத்த வருடம் வலது முழங்காலில் சத்திரசிகிச்சை. அவன் கட்டிலில் கிடந்தபோதே கழகம் அவனுடைய இடத்துக்கு இன்னொருவனை வாங்கிவிட்டது.

“என் இடத்தில் எப்போதும் இன்னொருவன் தயாராக நிற்பான், கொன். இந்தத் தொழில் அப்படி,” என்று சொல்லிச் சிரிப்பான்.

ஐப்பசி முடியுமுன் கொன்ஸ்ரன்ரைன் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான். மின்தூக்கி பழுதாய்ப்போன ஒரு காலையில் கொலின் படியிறங்கியபோது, பக்கவாட்டில், சுவரைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி இறங்கினான். மைதானத்தில் எவரையும் ஏமாற்றலாம், வீட்டில் துவைக்கிறவனை ஏமாற்ற முடியாது. வலது முழங்கால் மறுபடி வீங்கியிருந்தது.

“கழகத்துக்குத் தெரியாது. தெரிந்தால் நான் முடிந்தேன். ஒருவருக்கும் சொல்லாதே,” என்றான் கொலின்.

கொன்ஸ்ரன்ரைன் சொல்லவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் ஐஸ் கட்டியைத் துவாயில் சுற்றி வைத்தான். நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டான். அந்த முழங்காலின் ஒவ்வொரு தழும்பும் அவனுக்குத் தெரியும்.

கார்த்திகையில் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. விசா இல்லாமல் ஏற்கெனவே இத்தாலியில் இருப்பவர்களுக்கு, வேலை கொடுப்பவர் ‘இந்த ஆள் என்னிடம் வேலை செய்கிறார்’ என்று கையெழுத்து வைத்தால், பெர்மெஸ்ஸோ கிடைக்கும். பங்குனி முப்பத்தொன்று, அதாவது மார்ச் முடிவு, கடைசித் தேதி. பலேர்மோத் தமிழருக்குக் கிறிஸ்து பிறப்பான நத்தார் ஒரு மாதம் முன்னதாகவே வந்துவிட்டது. கொன்ஸ்ரன்ரைன் கேட்டதும் கொலின் யோசிக்கவேயில்லை.

“கட்டாயம். படிவத்தைக் கொண்டு வா.”

கொண்டுவந்தான். அது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழ் தொங்கியது. ஞாயிறு ஆட்டம் முடியட்டும் என்றான் கொலின். முடிந்தது. தோற்ற கோபம் ஆறட்டும் என்றான். ஆறியது. நத்தாருக்கு ஊர் போய் வருகிறேன் என்றான். போய் வந்தான். இவனோ, ஒருதரம் ‘ஓம்’ என்றவனிடம் திரும்பத் திரும்பக் கேட்பது அவன் சொல்லைச் சந்தேகிப்பதாகும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தான். அந்த மரியாதையை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பேனை, ஒரு நிமிடம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

மாசியில் இங்கிலாந்திலிருந்து கொலினுக்கு அழைப்பு வந்தது. அவன் முதன்முதலில் சப்பாத்துத் துடைத்த அதே ஊர்க் கழகம். பங்குனிக் கடைசிக்குள் வந்தால் இரண்டு வருட ஒப்பந்தம், அதன்பின் இளைஞர்களுக்குப் பயிற்றுநர் வேலை. முழங்காலை மட்டும் தங்கள் வைத்தியர் ஒருதரம் பார்க்கவேண்டும். கொலின் குளியலறையில் பாடினான். “போகுமுன் உன் கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் போவேன்,” என்றான்.

கொன்ஸ்ரன்ரைன் அந்த முழங்காலுக்காக நேர்த்திக்கடன் வைத்தான். கூட்டாளி மேலுள்ள அன்பா, தன் கடதாசி மேலுள்ள கவலையா என்று கேட்டால், இரண்டும் கலந்துதான். யாருடைய நேர்த்திதான் கலப்பில்லாதது?

பலேர்மோவின் காவல் புனிதை சாந்த றொசாலியா. மொந்தே பெல்லெக்ரினோ மலையில் அவளுடைய குகைக் கோயில் இருக்கிறது. நம்மவர்களில் வேதக்காரரான கிறிஸ்தவர், சைவக்காரர் என்ற பேதமில்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறுவார்கள். பங்குனி முதல் ஞாயிறு, கொலின் அணியோடு வெளியூர் ஆட்டத்துக்குப் போயிருந்தான். கொன்ஸ்ரன்ரைன் வெறுங்காலோடு மலை ஏறினான். கூடவே கொட்வின்.

கொட்வின் எமிலியானாவின் கடைசித் தம்பி, வயது இருபத்துநாலு. அக்கா அழுது கேட்டதால் கொன்ஸ்ரன்ரைன்தான் அவனை இரண்டு வருடத்துக்கு முன் பலேர்மோவுக்கு எடுப்பித்தான். போர்கோ வெக்கியோச் சந்தைக்கு மேலே ஓர் அறையில் இருவரும் இருந்தார்கள். கொட்வினுக்கு நிரந்தர வீடு ஒன்றும் அமையவில்லை. அரைநாள் அங்கே, அரைநாள் இங்கே. கையெழுத்து வைக்க ஆளில்லை. “அத்தானுக்கு வந்தால் எனக்கும் வந்தமாதிரித்தான்,” என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கோயிலில் கொன்ஸ்ரன்ரைன் வெள்ளித் தகட்டில் செய்த ஒரு கால் காணிக்கையை வைத்தான். பலேர்மோக்காரர்களும் அப்படி வைப்பதுண்டு. சுவர் முழுக்கக் கையும் காலும் இதயமுமாகத் தொங்கும். ஆனால் அவர்கள் பெயர் எழுதுவதில்லை. மன்னார்ப் பக்கத்து வழக்கம் வேறு. யாருக்காக நேர்ந்தது என்று கடதாசித் துண்டில் எழுதி, காணிக்கையோடு கட்டவேண்டும். பெயரில்லாத நேர்த்தி ஆளைத் தேடி அலையும் என்பது அவர்கள் நம்பிக்கை. சாந்த றொசாலியாவுக்குத் தமிழ் தெரியுமோ என்னவோ என்று யோசித்து, பிழை விடக்கூடாது என்று இத்தாலியத்தில், பெரிய எழுத்தில் எழுதினான்: ‘கொலின் தக்ரேயின் வலது முழங்காலுக்காக.’ கொட்வின் மெழுகுதிரி பிடித்தான். மலை இறங்கும்போது இருவருடைய காலிலும் கொப்பளம். கொன்ஸ்ரன்ரைனுக்கு மனம் மட்டும் லேசாக இருந்தது.

அந்த மலைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி நகரம் வரும் என்பதும், அந்தப் பாதி நகரத்துக்கு உதைபந்தாட்டப் பைத்தியம் என்பதும் அவனுக்குத் தெரியாததல்ல. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. கோயிலுக்குள் வைத்தது கடவுளுக்கும் தனக்கும் இடையிலான சங்கதி என்று நினைத்தான்.

செவ்வாய்க்கிழமை விளையாட்டுப் பத்திரிகையில் படம் வந்துவிட்டது. வெள்ளிக்கால், துண்டு, பெயர், எல்லாம் பளிச்சென்று. ‘இங்கிலாந்துக்காரன் முழங்காலை மறைக்கிறானா?’ என்று மேலே கொட்டை எழுத்து.

கொன்ஸ்ரன்ரைன் வேலைக்குப் போனபோது பத்திரிகை சமையலறைத் தரையில் கிடந்தது. கொலினின் முகம் சிவந்திருந்தது.

“உன்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பத்திரிகைக்காரன் உனக்கு என்ன தந்தான்?”

“இல்லை, கொலின். நேர்த்தி... உங்கள் கால் சுகமாக வேண்டும் என்று புனிதையிடம்...”

கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவனுக்கு நேர்த்தியை ஆங்கிலத்தில் விளக்குவது லேசான வேலையா? பேசப் பேச, தானே தன் வாயால் குற்றத்தை ஒத்துக்கொள்வது போலிருந்தது. அடுத்த நாள் இங்கிலாந்திலிருந்து தொலைபேசி வந்தது. மன்னிக்கவேண்டும், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஊர்க் கழகம் கையை விரித்துவிட்டது. இந்தப் பருவத்தோடு கொலினின் ஆட்டம் சரி. பயிற்றுநர் வேலையும் போயிற்று.

“இந்தப் படியில் இனிமேல் உன்னைக் காணக்கூடாது,” என்றான் கொலின்.

படிவம் இன்னும் குளிர்சாதனப் பெட்டியில்தான் தொங்கியது, கையெழுத்தில்லாமல்.

பலேர்மோத் தமிழரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நோயில் விழுந்தால், ஊருக்குப் போனால், வேலை கொடுக்கும் வீட்டுக்காரியோடு மனத்தாங்கல் வந்தால், தன் வேலை வீட்டுக்கு உறவினர் ஒருவரை அனுப்புவார். ‘இடத்துக்கு நிற்பது’ என்று பெயர். நிற்கிறவர் வேலை செய்யலாம், சம்பளம் எடுக்கலாம். ஆனால் வீடு அவருடையதல்ல. பழைய ஆள் திரும்பியதும் சாவியைக் கொடுத்துவிட்டு விலகவேண்டும். இதற்கு எழுத்து இல்லை, சாட்சி இல்லை. இந்த ஊரில் இத்தனை வருடம் நாங்கள் பிழைத்ததே இந்த ஒரு நம்பிக்கையில்தான்.

கொன்ஸ்ரன்ரைன் கொட்வினை அனுப்பினான், அவனுக்கும் கொஞ்சம் ஆங்கிலம் வரும்.

“நீயும் மலைக்கு வந்தனி. நடந்ததைக் கண்ணாலை கண்டனி. அவருக்கு ஆறுதலாய் எடுத்துச் சொல்லு. கோவம் தணிய நான் வாறன்.”

“அதை என்னட்டை விடுங்கோ, அத்தான்,” என்றான் கொட்வின்.

ஒவ்வொரு பின்னேரமும் கொட்வின் திரும்பி வரும்போது கொன்ஸ்ரன்ரைன் வாசலிலேயே நிற்பான்.

“சொன்னியோ?”

“சொன்னனான் அத்தான். மனுசன் இன்னும் கொதிச்சுக்கொண்டுதான் இருக்கிறார். கொஞ்சம் பொறுங்கோ.”

இரண்டாம் கிழமை கொன்ஸ்ரன்ரைன் நாலு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினான். நேர்த்தி என்றால் என்ன, ஏன் பெயர் எழுதினான், எல்லாம் பிறதர்மாரின் ஆங்கிலத்தில் பிழையில்லாமல். கடைசிப் பக்கத்தில் அமலினியைப் பற்றி. அதைக் கொட்வினிடம் கொடுத்தான். “குடுத்திட்டன், மேசையிலை வைச்சிருக்கிறார்,” என்று பதில் வந்தது. இதற்கிடையில் தெரிந்த இரண்டு வீட்டுக்காரச் சிஞ்ஞோராமாரிடம் போய்க் கேட்டும் பார்த்தான். ஒருத்தி ஏற்கெனவே வேறொரு பெண்ணுக்குக் கையெழுத்து வைத்துவிட்டாள். மற்றவள் கதவுச் சங்கிலியைக் கழற்றவேயில்லை. பகலில் சந்தையில் பெட்டி இறக்கினான். துறைமுகத்தில் கப்பல் ஊதும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தேதியை எண்ணினான்.

பங்குனி முப்பது, சனிக்கிழமை. முப்பத்தொன்று ஞாயிறு என்பதால், சனி மதியத்தோடு விண்ணப்பம் வாங்கும் அலுவலகம் மூடும். கொட்வின் அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வேளைக்கே போய்விட்டான். “இண்டைக்குக் கட்டாயம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவன், நீங்கள் அறையிலையே நில்லுங்கோ,” என்று சொல்லிவிட்டுப் போனான். பதினொரு மணி வரை கொன்ஸ்ரன்ரைன் நின்றான். பதினொன்றரைக்கு அவனால் முடியவில்லை. கொலின் தடுத்த படியானாலும் பரவாயில்லை என்று லிபெர்தா வீதிக்கு ஓடினான். ஓடியது பழைய கால்கள்தான், ஆனால் வயது முப்பத்தெட்டு. நான்காம் மாடியில் மணியை அடித்தபோது மூச்சு வரவில்லை.

கதவைத் திறந்தது கொலின். முழங்காலில் துவாய் கட்டியிருந்தான். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. கொலின் கத்தவில்லை, களைத்துப்போன முகத்தோடு பார்த்தான்.

“வேலைக்கு வேறு வீடு கிடைத்ததாமே. நல்லது,” என்றான்.

“எனக்கா? எந்த வீடு?”

“அந்தப் பொடியன் சொன்னான்.”

“என் கடிதம் வாசித்தீர்களா?”

“எந்தக் கடிதம்?”

அவ்விடத்திலேயே, வாசலில் நின்றபடி, எல்லாவற்றையும் சொன்னான். மலை, வெறுங்கால், வெள்ளிக்கால், துண்டு. மூச்சு வாங்கியதாலோ என்னவோ, இந்தமுறை சொற்கள் ஒன்றோடொன்று சிக்கவில்லை. கொலின் கதவு நிலையில் சாய்ந்து, கடைசிவரை கேட்டான்.

“என் காலுக்காகவா?” என்றான். “அவன் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, கொன். உன்னைப் பற்றிக் கேட்டால், உனக்கு வெட்கம் என்றான். பிறகு வேறு இடம் போய்விட்டாய் என்றான். பத்து நாளுக்கு முன் புதுப் படிவம் கொண்டுவந்தான், அவன் பெயரில். வீட்டில் வேலை செய்கிறவன் அவன்தானே என்று கையெழுத்து வைத்தேன். இன்றைக்கு அதன் ரசீது எடுக்கப் போயிருக்கிறான்.”

பிறகு உள்ளே நொண்டிப் போய், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பழைய படிவத்தை இழுத்து, பேனையோடு எடுத்து வந்தான். “இங்கே பார். இப்போதே வைக்கிறேன்.”

சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டு இருபது. கொன்ஸ்ரன்ரைன் விரலை நீட்டிக் காட்டினான். அலுவலகம் மூடியாயிற்று. மூடாவிட்டாலும் பயனில்லை. தனியாக வாழும் ஒரு மனிதனுக்கு இரண்டு வேலையாட்கள் என்று எழுதிக் கொடுத்தால் அதிகாரிகள் இரண்டையும் கிழித்துப் போடுவார்கள்.

கொலின் பேனையைப் பிடித்தபடி நின்றான். “மன்னித்துவிடு,” என்றான்.

அப்போதுதான் கொன்ஸ்ரன்ரைனுக்குக் கோபம் வந்தது. எட்டு மாதத்தில் முதல்தடவையாக அந்த மனிதனிடம் குரல் உயர்த்தினான்.

“மார்கழியிலேயே பந்து உங்கள் காலில்தான் இருந்தது, கொலின். தட்டிவிட ஒரு நிமிடம் போதும். வைத்துக்கொண்டு நின்றீர்கள். நடுவில் விளையாடுகிறவன் செய்கிற வேலையா இது?”

கொலின் பேனையை மூடினான். தலையைக் குனிந்துகொண்டு தன் முழங்காலையே பார்த்தான். கொன்ஸ்ரன்ரைன் படியிறங்கினான்.

அறைக்குத் திரும்பியபோது கொட்வின் கட்டிலில் இருந்து உடுப்புகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். சட்டைப் பையில் ரசீது மடித்து வைத்திருந்தது வெளியே தெரிந்தது.

“சொல்லத்தான் இருந்தனான் அத்தான்...”

“எப்ப? என்ரை செத்தவீட்டிலையோ?”

“அவர் உங்களுக்கு வைச்சிருக்கமாட்டார்.”

“நீ சொல்லியிருந்தால் வைச்சிருப்பார். இப்ப அவரின்ரை வாயாலை கேட்டுட்டுத்தான் வாறன்.”

கொட்வின் பையின் இழுப்பானை மூடினான். ஒரு நிமிர்வு நிமிர்ந்தான். “நான் ஒண்டும் களவெடுக்கேல்லை. அக்காட்டைக் கேட்டுத்தான் செய்தனான். வேணுமெண்டால் அக்காவைக் கேளுங்கோ.”

கொன்ஸ்ரன்ரைன் ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. கொட்வின் அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு வெளியே போனான்.

மறுநாள் குருத்தோலை ஞாயிறு. பூசைக்குப் போனானே தவிர, என்ன வாசித்தார்கள், என்ன பாடினார்கள் என்று அவனைக் கேட்டால் தெரியாது. ஒன்றையே மனதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். கொட்வின் பொய்காரன், அதில் இனிச் சந்தேகமில்லை. அக்கா சொன்னாள் என்பதும் அந்தப் பொய்களில் ஒன்றாகத்தான் இருக்கும். எமிலியானா அப்படிச் செய்யமாட்டாள். ஐந்து வருடமாக அந்த முகாம் அறையில் அவனுக்காகக் காத்துக்கொண்டிருப்பவள் அவள்.

மதியம் பன்னிரண்டரைக்கு ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தின் முன்னால் இருக்கும் தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைந்தான். மண்டபத்தில் அது பின்னேரம் நாலு மணி. முதல் மணியிலேயே எமிலியானா எடுத்தாள்.

“இஞ்சரப்பா, கோயிலுக்குப் போனியளோ?”

“போனனான். எமிலியானா, கொட்வின் உனக்கு ஏதும் சொன்னவனோ?”

மறுமுனையில் கடைக்காரன் யாரையோ ஏசுவது கேட்டது. பிறகு அவள், “ஓமப்பா, சொன்னவன்,” என்றாள்.

“எப்ப?”

“ரண்டு கிழமையாகுது. அந்த வெள்ளைக்காரன் உங்களுக்குச் செத்தாலும் வைக்கமாட்டானாம், வீணாய்ப் போகப்போகுது, என்ன செய்ய அக்கா எண்டு கேட்டவன். அப்ப நீயாவது எடு எண்டு நான்தான் சொன்னனான்.”

“எனக்கேன் சொல்லேல்லை? போன ஞாயிறும் என்னோடை கதைச்சனிதானே? அரைமணித்தியாலம் கதைச்சனியே.”

“சொன்னால் நீங்கள் விடமாட்டியள் எண்டு தம்பி சொன்னவன். நீங்கள் ரோசக்காரன், எனக்குத் தெரியாதே?” அவள் குரல் தாழ்ந்தது, கெஞ்சுவது போல. “கோவிக்காதையுங்கோ அப்பா. ஆற்றை பேரிலை வந்தால் என்ன? வந்துட்டுதுதானே.”

கொன்ஸ்ரன்ரைன் கூண்டின் கண்ணாடியில் நெற்றியை வைத்தான். கொலின் ஏமாற்றியதற்குக் கோபம் வந்தது, கொட்வின் ஏமாற்றியதற்குக் கை ஓங்கினான். இதற்கு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. தன் முதுகுக்குப் பின்னால் அக்காவும் தம்பியும் இரண்டு கிழமை இதைக் கதைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு கிழமையும் தான் வாசலில் நின்று ‘சொன்னியோ, சொன்னியோ’ என்று கேட்டது நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் உடம்பு கூசியது.

“எமிலியானா...” என்று தொடங்கினான். அதற்குள் அங்கே தொலைபேசி கை மாறியது.

“அப்பா!” அமலினி. மூச்சிரைக்கக் கதைத்தாள். “மாமா எங்களைக் கூப்பிடப்போறாராம். அம்மா சொன்னவா. நான் சாமானெல்லாம் அடுக்கிப்போட்டன். நீங்களும் எங்களைக் கூட்டிக்கொண்டு போக வருவியளோ? வந்தால் எனக்கு உங்களை எப்பிடித் தெரியும்?”

“தெரியும், பிள்ளை. அம்மாட்டைக் குடு.”

எமிலியானா வாங்கினாள். இப்போது அவள் குரலில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. “ஓமப்பா, அதைத்தான் சொல்லவந்தனான். தம்பியின்ரை விசாவிலை அக்காவையும் மருமகளையும் கூப்பிடலாமாம். எல்லாம் அங்கை விசாரிச்சுப்போட்டுத்தான் சொன்னவன். ரண்டு மூண்டு மாசத்திலை வந்திடுமாம். பிறகு நாங்கள் வந்தால், உங்களுக்கும் ஒரு வழி பார்க்கலாம்தானே?”

அப்படி ஒரு விதி இல்லை. பெர்மெஸ்ஸோ உள்ளவன் கூப்பிடக்கூடியது மனைவியை, சிறு பிள்ளைகளை, பெற்றாரை. அக்காவைக் கூப்பிட ஏலாது, மருமகளைக் கூப்பிட ஏலாது. பலேர்மோவுக்கு நேற்று வந்திறங்கிய தமிழனுக்கும் இது மனப்பாடம். இரண்டு வருடம் இங்கே இருந்த கொட்வினுக்குத் தெரியாமலிருக்க வழியேயில்லை.

கொன்ஸ்ரன்ரைன் அதை அவளுக்குச் சொன்னான். கோபமாகத்தான் சொல்ல நினைத்தான். வெளியே வந்தபோது குரலில் கோபம் இருக்கவில்லை. இரண்டுதரம் சொல்லவேண்டியிருந்தது. முதல்தரம் அவள், “இல்லையப்பா, அவன் விசாரிச்சவன்,” என்று இடைமறித்தாள். இரண்டாம்தரம் கடைசிவரை கேட்டாள்.

“அப்ப அவன் ஏன் எனக்கு அப்பிடிச் சொன்னவன்?”

கொன்ஸ்ரன்ரைன் பெட்டிக்குள் இன்னொரு நாணயம் போட்டான்.

“அவனை நான் தூக்கி வளர்த்தனான் அப்பா. அவன் எனக்குப் பொய் சொல்லுவானோ?”

“சொல்லிப்போட்டான், எமிலியானா,” என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

என்னம்மா, என்னம்மா என்று அமலினி கேட்டுக்கொண்டிருப்பது மட்டும் அவனுக்குக் கேட்டது.